நாற்பத்து மூன்றாம் நாள்

ஆறு வாரம் கழித்து வந்து காட்டச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. பார்த்துவிட்டு, எந்த வேலையை எப்போது தொடங்கலாம் என்று சொல்வதாகவும் சொல்லியிருந்தார். இத்தனை வார்த்தைகளில் "ஆறு வாரம்" மட்டும்தான் வீடுவரை வந்து சேர்ந்தது. மீதியெல்லாம் ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றுவிட்டது.

கொண்டுவந்து சேர்த்தவர் அவளுடைய கணவர். லிஃப்ட் மெக்கானிக். அவர் தொழிலில் எதற்கும் ஒரு தேதி உண்டு. கயிறு மாற்ற ஒரு தேதி, எண்ணெய் விட ஒரு தேதி, அந்தத் தேதியில் செய்துவிட்டால் அப்புறம் லிஃப்ட் ஓடியே ஆகவேண்டும். மனைவிக்குக் கர்ப்பப்பையை எடுத்து வீட்டுக்குக் கூட்டிவந்த அன்றே சுவரிலிருந்த காலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஆபரேஷன் நடந்த நாளிலிருந்து ஒவ்வொரு கட்டத்திலும் சிவப்புப் பேனாவால் எண் போட்டு, அடுத்த தாளுக்கும் போய், நாற்பத்திரண்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். அதோடு விட்டாரா? லிஃப்ட் வேலை நடக்கும்போது கதவில் மாட்டுகிற மஞ்சள் போர்டு ஒன்றைக் கொண்டுவந்து படுக்கையறைக் கதவில் தொங்கவிட்டார். "பழுது பார்க்கப்படுகிறது. உபயோகிக்க வேண்டாம்." அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தையல் போட்ட இடத்தில் தலையணையை அழுத்திக்கொண்டு சிரித்தாள், சிரித்துவிட்டு வலியில் அழுதாள்.

சும்மா சொல்லக்கூடாது, நல்ல மனுஷன்தான். ஆறு வாரமும் சமையல் அவர் கை, துணி துவைப்பது மகள் கை. ஒரு வாளித் தண்ணீரை அவள் தொட விடவில்லை. ஆனால் வீட்டில் செய்யப் பிடிக்காத வேலை எதுவானாலும் அதற்கு ஒரே பதில் இருந்தது. "அம்மாவுக்கு ஆறு வாரம் முடியட்டும்." கம்பளிகளைத் துவைப்பது, ஜன்னல் திரைகளைக் கழற்றுவது, பரணை ஒழிப்பது, மகளுடைய பீரோவை நகர்த்திப் பெருக்குவது, எல்லாம் அந்தச் சிவப்பு வட்டத்துக்கு அந்தப் பக்கம் வரிசைகட்டி நின்றன. படுத்தபடியே அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் விடுதலை நாளை எண்ணுவார்கள், இவள் சிறைக்குப் போகிற நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

கர்ப்பப்பை போனதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. இரண்டு வருடம் அது படுத்திய பாடு கொஞ்சமா? உள்ளே கட்டிகள். மாதத்தில் பதினைந்து நாள் உதிரம். வேலைக்கு எப்போதும் அடர்நிறத் துணிதான், பையில் எப்போதும் மாற்றுத் துணிதான். "போய்த் தொலையட்டும்" என்று சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். போனதும் நிம்மதியாகத்தான் இருந்தது. அதற்கு அப்புறம் வந்ததைத்தான் யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

களைப்பு. வேலை செய்து வருகிற களைப்பு அவளுக்குப் பழக்கம்தான், உட்கார்ந்தால் போய்விடும். இது உட்கார்ந்திருக்கும்போதே வந்தது. பல் தேய்த்துவிட்டு வந்தால் படுத்துக்கொள்ளவேண்டும்போல் இருந்தது. தலை வாரினால் கை கனத்தது. சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டதால் திடீர் திடீரென்று உடம்பு அடுப்பாகக் காந்தியது, உடனே வியர்த்துக் குளிர்ந்தது. ஒருநாள் மகள் டீயில் சர்க்கரை போட மறந்ததற்கு விக்கி விக்கி அழுதாள். மகள் பயந்துபோய்விட்டாள். இவளுக்கும் பயமாகத்தான் இருந்தது. பார்க்க வந்தவர்களெல்லாம் "நல்லா தேறிட்டியே, முகத்துல களை வந்திருச்சே" என்றார்கள். தையல் ஆறிவிட்டது என்பதை வைத்துச் சொன்னார்கள். உள்ளே என்ன ஆறியது, என்ன ஆறவில்லை என்று எட்டிப்பார்க்கவா முடியும்?

"முடியல" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அந்த ஒரு வார்த்தைதான் அவள் வாயில் வராது. வந்தால் அவள் அவள் இல்லை. ஏன் என்று சொல்ல அவள் வேலை செய்யும் இடத்துக்குப் போகவேண்டும்.

நாற்பத்து மூன்றாம் நாள் காலையில் கணவர் போர்டைக் கழற்றிக் கருவிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அவ்வளவுதான். சர்வீஸ் முடிஞ்சது. வண்டி இனி ஜம்முனு ஓடும்."

"டாக்டரம்மா வெளியூர் போயிருக்காங்க. அடுத்த வாரம்தான் காட்ட முடியும்" என்றாள் அவள்.

"அது சும்மா ஒரு பார்வைக்குத்தானே. ஆறு வாரம் ஆயிடுச்சுல்ல?"

மகள் கல்லூரிக்குக் கிளம்பும் அவசரத்தில் அவள் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டு, "அம்மா, கம்பளியெல்லாம் குளியலறைல போட்டிருக்கேன். சாயங்காலம் வந்து ஒரு கை பார்த்துடு" என்று ஓடினாள். குளியலறையில் ஆறு கம்பளிகள் மலையாகக் கிடந்தன. அவள் கதவைச் சாத்திவிட்டு வேலைக்குப் போனாள்.

அது பெரிய சலவைக்கூடம். ஓட்டல்களிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் படுக்கை விரிப்புகள் லாரியில் வந்து இறங்கும். கூடத்துக்கு இரண்டு பக்கம். ஈரப் பக்கம் என்பது துவைக்கிற இயந்திரங்கள் இருக்கும் இடம். அங்கே நனைந்த விரிப்புகளை வாரி வாரி வெளியே இழுத்துத் தள்ளுவண்டியில் போடவேண்டும், பெண்களின் இடுப்பு ஒடிகிற இடம். காய்ந்த பக்கம் என்பது இஸ்திரி உருளையும் மடிப்பு மேசைகளும். அங்கே இரண்டிரண்டு பேராக நின்று விரிப்பின் நாலு முனையையும் பிடித்து, உதறி, விறைப்பாக இழுத்து, ஒருத்தியை நோக்கி ஒருத்தி நடந்து மடிப்பார்கள். ஒரு மூலையில் சின்ன மேசை ஒன்றும் உண்டு. கைத்துடைப்புத் துணிகளை உட்கார்ந்தபடி மடிக்கும் மேசை. வயதானவர்களுக்கும் எதற்கும் ஆகாதவர்களுக்கும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த மேசை.

மடிப்பு மேசையில் அவள் பத்தொன்பது வருடம். அங்கே அவளுக்கு ஸ்கேல் என்று பெயர். ஓரத்துக்கு ஓரம் ஒரு நூல் விலகியிருந்தாலும் மறுபடி விரிக்கச் சொல்லுவாள். "கண்ணா இல்ல ஸ்கேலா?" என்று யாரோ எப்போதோ கேட்டது ஒட்டிக்கொண்டது. அவளுக்கும் அதில் பெருமைதான். நாமும் அப்படியே கூப்பிடலாம்.

இந்தக் கூடத்தில் ஒரு வழக்கம். ஜோடியில் யாருக்கு வேலை ஓடவில்லை என்று சூப்பர்வைசர் தானாகக் கண்டுபிடிக்க மாட்டார். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லோரும் மடித்துக்கொண்டுதான் இருப்பார்கள். விரிப்பின் தொய்வு எதிர்முனையைப் பிடித்திருப்பவளின் கைக்கு மட்டும்தான் தெரியும். அதனால் அவர் அவளிடம் வந்து, "ஜோடி எப்படி, சரியா வருதா?" என்று கேட்பார். அவள் சொல்வதுதான் தீர்ப்பு. வராது என்றால் மற்றவள் ஈரப் பக்கம் போவாள்.

ஸ்கேல் லீவு போட்டபோது குடல்வால் ஆபரேஷன் என்று சொல்லியிருந்தாள். ஆம்பளை சூப்பர்வைசரிடம் கர்ப்பப்பை என்று எப்படிச் சொல்வது? அவள் மட்டும் இல்லை, அங்கே எந்தப் பெண்ணுக்கும் கழுத்துக்குக் கீழே முழங்காலுக்கு மேலே நோய் வந்ததே கிடையாது. ஒருத்திக்குப் பித்தம், ஒருத்திக்குத் தலைசுற்றல், ஒருத்திக்குச் சொந்தக்காரர் வீட்டுச் சாவு. இப்படியே பல வருடமாக எல்லோரும் எல்லோரிடமும் பொய் சொல்லி நன்றாகவே குடித்தனம் நடத்திவந்தார்கள்.

"குடல்வால்தானே! எங்க மச்சான் பத்தாம் நாள் சைக்கிள் ஓட்டினாரு" என்று வரவேற்றார் சூப்பர்வைசர். அவளைவிடப் பத்து வயது சின்னவர், கெட்டவர் இல்லை, அவசரக்காரர். "அக்கா, நீங்க இல்லாத நேரத்துல ஒரு ஆளைப் போட்டுட்டேன். இப்ப மடிப்புல ஒரு ஆள் கூடுதல். யாராவது ஒருத்தரை ஈரப் பக்கம் அனுப்பணும். மதியம் வரைக்கும் பாக்கறேன், சரியா?"

ஈரப் பக்கத்துக்குப் போனால் என்ன ஆகும் என்று ஸ்கேலுக்கு டாக்டரம்மா சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை. தையல் இருக்கும் இடமே சொல்லியது. இந்த மதியத்துக்குள் பழைய ஸ்கேலாக நின்று காட்டிவிட்டால் தப்பித்தாள்.

"ஸ்கேல் அக்காவுக்கு யார் ஜோடி?" என்று அவர் குரல் கொடுத்தார். எல்லோருக்கும் அந்த நேரத்தில் கையில் அவசர வேலை வந்துவிட்டது. பத்தொன்பது வருடம் மறுபடி விரிக்கச் சொன்னவளுக்கு யார் ஆசைப்பட்டு ஜோடி சேர்வார்கள்? கடைசியில் மூலை மேசையிலிருந்து ஒருத்தி கைத்துடைப்புத் துணியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

அவள் மைனா.

மைனாவும் இவளும் ஆறு வருடம் ஜோடியாக இருந்தவர்கள். ஓயாமல் பேசுவாள் என்பதால் மைனா. மூன்று வருடத்துக்கு முன்னால் அக்கா வீட்டில் விசேஷம் என்று லீவு போட்டுவிட்டுத் திரும்பி வந்தவள், வாயைத் திறக்கவே இல்லை. அவள் முனை தொய்ந்தது. ஐந்து விரிப்புக்கு ஒருதரம் மேசையில் சாய்ந்தாள். அடிக்கடி கழிவறைக்குப் போனாள். "அக்கா வீட்டுல நல்லா சாப்பிட்டுச் சோம்பேறி ஆயிட்டியா? இழுத்துப் பிடி" என்று ஸ்கேல் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். மூன்றாம் நாள் சூப்பர்வைசர் வந்து, "ஜோடி எப்படி, சரியா வருதா?" என்று கேட்டார். "வரல சார்" என்றாள் ஸ்கேல். அவ்வளவுதான். அன்று மதியமே மைனா ஈரப் பக்கம் போனாள். அங்கே எட்டு மாதம் இருந்தாள். அப்புறம் ஒருநாள் காணாமல்போய், ரொம்ப நாள் கழித்து வந்து, மூலை மேசையில் உட்கார்ந்தாள். இருவருக்கும் பேச்சு இல்லை. தான் செய்தது சரிதான் என்று ஸ்கேல் அன்றும் நினைத்தாள், அதற்கு மறுநாளும் நினைத்தாள். அப்புறம் அதைப் பற்றி நினைக்கவே இல்லை.

"ஆரம்பிக்கலாமா?" என்றாள் மைனா. "நீங்க அந்தப் பக்கம் நில்லுங்க." ஆறு வருடம் வா, போ என்று பேசியவள்.

முதல் விரிப்பு நன்றாகவே வந்தது. இரண்டாவதும் வந்தது. ஐந்தாவதில் உதறும்போது அடிவயிற்றில் யாரோ உள்ளேயிருந்து ஒரு நூலைப் பிடித்து இழுத்தார்கள். பத்தாவதில் நெற்றி வியர்த்தது. வலியைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், அந்தக் களைப்பைத்தான் தாங்க முடியவில்லை. கை தோளிலிருந்து கழன்று விழுந்துவிடும்போல் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். இழுத்தும் முனை தொய்ந்தது. ஸ்கேல் ஒருத்திக்குத் தன் மடிப்பு இரண்டு விரல் விலகியிருப்பது தெரியாமலா இருக்கும்? பார்த்தாள். பார்க்காததுபோல் அடுக்கினாள். பத்தொன்பது வருடத்தில் அதுதான் முதல்முறை.

பதினைந்தாவது விரிப்பை மைனா உதறவில்லை. தன் முனையை மேசைமேல் விரித்து, "நீங்க சும்மா ஓரத்தைப் புடிச்சுக்கோங்க, நான் வரேன்" என்று தானே நடந்து வந்து மடித்தாள். நடக்கும்போது கொஞ்சம் காலை அகட்டி நடந்தாள். அப்படித்தான் அவள் இரண்டு வருடமாக நடக்கிறாள், உடம்பு போட்டுவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

இஸ்திரிச் சூட்டில் பறந்த பஞ்சு மூக்கில் ஏறி ஸ்கேலுக்குத் தும்மல் வந்தது. கையிலிருந்த விரிப்பைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் அடிவயிற்றை அமுக்கிக்கொண்டு தும்மினாள்.

டீ நேரத்தில் இருவரும் மேசையருகிலேயே நின்றார்கள். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியுமா என்று ஸ்கேலுக்குச் சந்தேகம்.

"எத்தனாவது நாள்?" என்றாள் மைனா.

"என்ன எத்தனாவது நாள்?"

"குடல்வாலுக்கு யாரும் ரெண்டு கையாலயும் தொப்புளுக்குக் கீழ பொத்திக்கிட்டுத் தும்ம மாட்டாங்க."

ஸ்கேல் டம்ளருக்குள் பார்த்தாள். "நாப்பத்து மூணு."

"ம்."

"சார்கிட்ட சொல்லிடாதே." தன் குரல் இப்படிக் கெஞ்சும் என்று அவளுக்கே தெரியாது. "கேட்டார்னா சரியா வருதுன்னு மட்டும் சொல்லு. ஒரு வாரம் ஓட்டிட்டா போதும். அப்புறம் பழையபடி வந்துடுவேன். என்னை ஈரப் பக்கம் தள்ளிட்டா நான் செத்தேன்."

மைனா டீயைக் குடித்து முடித்தாள். டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "பாக்கலாம்" என்றாள். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஸ்கேல் மதியம்வரை மடித்தாள். பழிவாங்க இதைவிட நல்ல நாள் மைனாவுக்கு வாய்க்காது. மைனாவின் இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று யோசித்துப் பார்த்தாள். யோசித்தவரை நன்றாக இல்லை.

சாப்பாட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் சூப்பர்வைசர் வந்தார். நேராக மைனாவிடம் போனார். கேள்வியில் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

"ஜோடி எப்படி, சரியா வருதா?"

"வரல சார்" என்றாள் மைனா.

ஸ்கேல் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்படியா? ஸ்கேல் அக்காவா? நம்பவே முடியல..." என்று அவர் திரும்பும்போது மைனா விடவில்லை.

"இன்னும் சொல்லி முடிக்கல சார். அவங்களுக்குக் குடல்வால் இல்ல. கர்ப்பப்பையை எடுத்திருக்கு. இன்னும் ஆறல. ஈரப் பக்கம் அனுப்பிடாதீங்க."

சூப்பர்வைசரின் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும். கையிலிருந்த பேனாவை மூடினார், திறந்தார். "அது... அதெல்லாம் எனக்கு... குடல்வால்னுதானே எழுதிக் கொடுத்திருக்காங்க..."

"நான்கூட அக்கா வீட்டு விசேஷம்னு எழுதிக் கொடுத்தேன் சார், மூணு வருஷம் முன்னாடி. எனக்கும் இதே ஆபரேஷன்தான். இவங்க வரலன்னாங்க, நீங்க என்னை ஈரப் பக்கம் அனுப்புனீங்க. நனைஞ்ச விரிப்பை எட்டு மாசம் இழுத்தேன். மூத்திரப்பை அது இதுன்னு அடியில எல்லாம் எறங்கிடுச்சு. இப்ப உள்ள ஒரு வளையம் வச்சுத் தாங்கிக்கிட்டு இருக்கு. அதோடதான் நடக்கறேன், அதோடதான் உக்காரறேன்." மைனா குரலை உயர்த்தவே இல்லை. விலை விசாரிக்கிறவள்போலத்தான் பேசினாள். "நான் அன்னிக்கு வாயைத் திறந்திருந்தா நீங்க அனுப்பியிருக்க மாட்டீங்க. அதான் இன்னிக்குத் திறந்தேன்."

பக்கத்து மேசைகளில் விரிப்புகள் பாதியில் நின்றன. சூப்பர்வைசர் தொண்டையைச் செருமிக்கொண்டார். யாரையும் பார்க்காமல், "ஸ்கேல் அக்கா, நீங்க மூலை மேசைக்குப் போங்க. டாக்டர் சீட்டு கொண்டாந்து கொடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவு வேகமாக அவர் நடந்து யாரும் பார்த்ததில்லை.

மூலை மேசையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் அந்த வார்த்தை சொல்லப்பட்டுவிட்டது. வானம் இடிந்துவிழவில்லை. நாற்காலி இருந்தது, அதில் உட்கார முடிந்தது. உட்கார்ந்த சுகத்தில் ஸ்கேலுக்கு அழுகை வந்தது. அதே சமயம் மைனாவின் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை.

"எனக்குத் தெரியாது" என்றாள். "சத்தியமா தெரியாது. நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்." மைனா ஒரு துணியை எடுத்து நாலாக மடித்தாள். "ஆறு வருஷம் பேசிக்கிட்டே இருந்தவ திடீர்னு பேசலயே, என்னாச்சுடின்னு நீ கேப்பியான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நீ என் முகத்தைப் பாக்கல. முனையைப் பாத்தே."

ஸ்கேல் மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தாள். கேட்கவில்லை. எட்டு மாத ஈரத்துக்கு ஒரு வார்த்தையா?

"எத்தனை நாள் ரெஸ்ட் எடுத்தே?" என்று மட்டும் கேட்டாள்.

"எங்க எடுத்தேன்? பன்னெண்டாம் நாள் வந்துட்டேன். அக்கா வீட்டு விசேஷத்துக்கு அதுக்கு மேல யாரு லீவு கொடுப்பா?"

இருவரும் சாயங்காலம்வரை துணி மடித்தார்கள். மைனா மடித்ததில் ஒன்றிரண்டு விலகித்தான் இருந்தது. ஸ்கேல் அவற்றை அப்படியே அடுக்கினாள்.

வீட்டுக்கு வந்தபோது கணவர் முந்திக்கொண்டு வந்திருந்தார். டீ போட்டுக்கொண்டிருந்தார், பழக்கதோஷம். குளியலறையில் கம்பளிகள் காலையில் கிடந்தபடியே கிடந்தன. மகள் எட்டிப் பார்த்து, "அம்மா, வாளில தண்ணி புடிக்கட்டுமா?" என்றாள்.

ஸ்கேல் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோரம் தரையில் உட்கார்ந்தாள். உட்கார ஐந்து நிமிஷம் ஆனது. "எனக்கு முடியல" என்றாள்.

வீட்டில் அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. கணவர் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்.

"என்னாச்சு? ஆறு வாரம்..."

"ஆறு வாரம் கழிச்சு வந்து காட்டச் சொன்னாங்க. ஆறு வாரத்துல சரியாயிடும்னு யாரும் சொல்லல. நீங்களா வட்டம் போட்டீங்க. நானும் பாத்துக்கிட்டு சும்மா இருந்தேன். எனக்கு நிக்க முடியல, தூக்க முடியல, இழுக்க முடியல. கம்பளியை நீங்க துவைங்க, இல்லன்னா அழுக்காவே இருக்கட்டும். எனக்கு எப்ப முடியுதோ அப்ப நானே சொல்றேன்."

அவர் தலையைச் சொறிந்தார். பதில் சொல்லத் தெரியாதபோது அவர் ஏதாவது ஒரு வேலையைச் செய்வார். கருவிப் பையைத் திறந்து மஞ்சள் போர்டை எடுத்து, சட்டையில் துடைத்து, மறுபடி படுக்கையறைக் கதவில் மாட்டினார். மகள் சத்தம்போடாமல் குளியலறைக்குள் போனாள், குழாய் திறக்கும் ஓசை கேட்டது.

"அந்தக் காலண்டரை எடுங்க" என்றாள் ஸ்கேல்.

எடுத்துக் கொடுத்தார். கூடவே சிவப்புப் பேனாவையும் கொடுத்தார். நாற்பத்து மூன்று போடப்போகிறாள், நாற்பத்து நாலு, ஐந்து என்று போட்டுக்கொண்டே போகப்போகிறாள் என்று நினைத்திருப்பார். அவள் பேனாவைத் திறக்கவில்லை. தாளைப் பின்னுக்குப் புரட்டி விரலால் தேடினாள். பன்னிரண்டு என்று எழுதிய கட்டத்தில் விரலை வைத்தாள்.

"இந்தப் பன்னெண்டாம் நாள் நான் எப்படி இருந்தேன், ஞாபகம் இருக்கா?"

அவர் யோசித்தார். "அன்னிக்குத்தானே கழிவறைல உக்காந்துட்டு எழுந்திரிக்க முடியாம கத்துனே? நானும் பொண்ணும் சேர்ந்து தூக்குனோமே. ஏன் கேக்கறே?"

ஸ்கேல் விரலை அங்கேயே வைத்திருந்தாள். அப்படியொரு பன்னிரண்டாம் நாளில்தான் மைனா எதிரே நின்று விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்திருந்தாள். இழுத்துப் பிடி என்று இவள் சொன்னாள். அவள் இழுத்துப் பிடித்தாள்.